யார் கை கரைத்த மாவு

மார்கழி 14, திங்கள்

பனி. குமணன்சாவடி சிக்னலில் எதிரே வருகிற வண்டி தெரியவில்லை, ஹாரன் மட்டும் வருகிறது. இவருடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனேன். கை நீளம்.

புது டைரி. அரிசி மண்டியில் கொடுத்தது. புது வருஷத்துக்கு இன்னும் மூன்று நாள். யார் காத்திருப்பது. முதல் பக்கத்தில் நிரப்பச் சொல்லி அச்சடித்திருந்தார்கள், நிரப்பினேன்.

பெயர்: மல்லிகா.
படிப்பு: ஐந்து. (அதுவும் பாதி.)
வேலை: இட்லி மாவு கம்பெனி, சென்னீர்குப்பம். அரைப்பது, கரைப்பது, ஓனரைக் கலாய்ப்பது.
ரத்த வகை: கொதிக்கிற வகை.

இன்று நிஜமாகவே கொதித்தது. காலை ஆறு மணிக்கு நேற்று கரைத்து மூடிய மாவு டப்களைத் திறந்தோம். எட்டு டப். ஆறு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. இரண்டு, கரைத்து வைத்த மட்டத்திலேயே, குட்டை மாதிரி. இரண்டும் கஸ்தூரி கரைத்தது. இந்த மாதத்தில் எத்தனையாவது தடவை என்று எண்ண விரல் போதாது.

ஓனர் வந்தார். பெயர் தாமோதரன். நான் வைத்த பெயர் புளிச்ச ஏப்பம். இனி பு.ஏ. என்றே எழுதுகிறேன், யாராவது டைரியைப் பார்த்தால் பட்டம் என்று நினைக்கட்டும். குனிந்து டப்பை மோந்தார்.

"நான்தான் சொன்னேன்ல? இவ கை ஆகல. புருஷன முழுங்கின கை, மாவ உடுமா?"

அவள் எதிரிலேயே. கஸ்தூரி வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். புருஷன் செத்து எட்டு மாதம். இரண்டு பெண் பிள்ளைகள். கையைப் புடவையில் துடைத்தாள். கையில் ஒன்றும் இல்லை, சும்மா துடைத்தாள்.

"போகி வரிக்கும் பாக்கறேன். அப்பவும் இப்டின்னா நின்னுக்கோ. நான் கம்பெனி நடத்திகினு கீறனா, பரிகாரம் பண்ணிகினு கீறனா?"

நான் சொன்னேன்: "அண்ணாத்தே, கைய உடு, தண்ணிய பாரு. டேங்கர் தண்ணி மருந்து வாட அடிக்குது. மீன உட்டா மல்லாந்துரும், மாவு எப்டி பொங்கும்?"

"உன் வாய் கூடத்தான் வாட அடிக்குது. போய் பேக்கிங்க பாரு."

லோகு சிரித்தாள். லோகு மூன்றாவது ஆள், பு.ஏ. எது சொன்னாலும் தலையாட்டுவாள். கிரைண்டர் கல்லாவது நடுவில் நிற்கும்.

வாங்க வேண்டியது: விக்ஸ், இவருக்குப் பல்பொடி, ஸ்டிக்கர் பொட்டு (பெரிய சிவப்பு).

மார்கழி 15, செவ்வாய்

பனி. ஷட்டர் அடியில் எலி. ஐப்பசியில் லோடு ஆட்டோ ரிவர்ஸில் இடித்து ஷட்டர் வளைந்ததிலிருந்து கீழே ஒரு சாண் இடைவெளி. அட்டை சொருகினோம். எலி அட்டையையும் தின்றது. நன்றி கெட்ட எலி.

இன்று ஏழு டப் பொங்கியது, ஒன்று இல்லை. கஸ்தூரியுடையது. இன்னொன்று பொங்கியதும் கஸ்தூரியுடையதுதான், அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பு.ஏ. இந்த மாதம் சொன்னதை எல்லாம் யோசித்து எழுதுகிறேன். மறந்துவிடக் கூடாது.

கஸ்தூரி டப் பொங்கவில்லை: அவள் கை.
ஒரு நாள் மழை மூட்டம், புழுக்கம், அவள் டப் இரண்டும் நன்றாகப் பொங்கியது: அன்று அவர் கற்பூரம் ஏற்றினாராம்.
மறுநாளும் கற்பூரம் ஏற்றினார், பொங்கவில்லை: மனசில் நம்பிக்கை இல்லாமல் நின்றாளாம்.
போன ஞாயிறு அவள் லீவு. அவள் இடத்தில் லோகு உட்கார்ந்து கரைத்தாள். அதுவும் பொங்கவில்லை: முந்தின நாள் அந்த டப்பைக் கழுவியது கஸ்தூரி கையாம்.

அட பாவி. பொங்கினால் கற்பூரம், பொங்காவிட்டால் கை, ஆளே இல்லாவிட்டாலும் கை. எந்தப் பக்கம் விழுந்தாலும் அவர்தான் நிற்கிறார். இப்படி ஒரு ஆட்டம் எனக்குத் தெரிந்திருந்தால் சின்ன வயசில் பல்லாங்குழியில் ஒருத்தியிடமும் தோற்றிருக்க மாட்டேன்.

நேரில் கேட்டேன். "அண்ணாத்தே, இந்தக் கை எப்பதான் தப்பிக்கும்? ஒரு வழி சொல்லு."

"அது அனுபவம் மல்லிகா. உனுக்குப் புரியாது. இருவது வருசமா மாவு பாக்கறேன்."

இருபது வருஷம் பார்த்திருக்கிறார். மாவும் அவரை இருபது வருஷம் பார்த்திருக்கும். பாவம் மாவு.

மார்கழி 16, புதன்

ஷேர் ஆட்டோவில் கஸ்தூரி பக்கத்தில். மெட்ரோ தூண் ஓரம் நெரிசல், அரை மணி நேரம் நகரவில்லை. அவளாகவே சொன்னாள்.

"ஊட்ல இப்பல்லாம் பெரியவளத்தான் மாவு கரைக்க சொல்றேன்க்கா. நான் தொடறதில்ல. சின்னவளுக்கு சோறு ஊட்டறது கூட ஸ்பூன்லதான்."

"ஏண்டி?"

"எதுக்கு வம்பு. அவரு சொல்றது நெசமா இருந்துச்சின்னா?"

வந்த கோபத்தில் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்துவிட்டேன். சென்னீர்குப்பம் வரைக்கும். அந்த ஆள் மேல் கோபம், இவள் மேல் அதைவிடக் கோபம். பெரியவளுக்கு ஒன்பது வயசு. ஒன்பது வயசுப் பிள்ளை டப்பில் கை விட்டுக் கரைக்கிறது, இவள் தள்ளி நின்று பார்க்கிறாள். ஒரு வேலை போனால் இன்னொரு மாவு கம்பெனி. பூந்தமல்லியில் மாவு கம்பெனிக்கா பஞ்சம். கை போய்விட்டால்?

நடந்ததில் செருப்பு வார் அறுந்தது. அதுக்கும் கஸ்தூரி கைதான் காரணம் என்று பு.ஏ. சொல்லலாம். சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

சாயங்காலம் இவரிடம் எல்லாம் கொட்டினேன். இவர் ஆவடி ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷனில் ஒப்பந்த ஆள். வேலைக்கு வந்த பீஸை அளப்பது. பேச்சையும் அளந்துதான் பேசுவார். கேட்டுக்கொண்டே தோசை சாப்பிட்டார். அப்புறம்:

"எங்ககிட்ட ஓட்டை பாக்க ஒரு கேஜ் இருக்கு மல்லி. ரெண்டு முனை. ஒரு முனை உள்ள போகணும். இன்னொரு முனை போகக் கூடாது. ரெண்டும் போச்சுன்னா பீஸ் ரிஜெக்ட்."

"சரி. அதுக்கு?"

"எந்த ஓட்டையில விட்டாலும் போற மாதிரி ஒண்ணு செஞ்சா அது கேஜா?"

"இல்ல."

"இல்ல. வெறும் கம்பி. உங்க ஓனர் கையில வச்சிருக்கறது கம்பி."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். இன்னொரு தோசை ஊற்றினேன், நெய் விட்டு. அதைத் தின்றுவிட்டு மனுஷன் சொல்கிறார்:

"உன் கையிலயும் கம்பிதான்."

"இன்னாது?"

"தண்ணின்னு சொல்றியே. எப்படி ஆனா தண்ணி இல்லன்னு ஒத்துக்குவ?"

தட்டைப் பிடுங்கிவிட்டேன். யார் பக்கம் இந்த ஆள்? இன்று இவரிடம் பேச்சு கிடையாது. நாளையும்.

மார்கழி 17, வியாழன்

புது வருஷமாம். கோலத்தில் எல்லோரும் இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்கள். நான் புள்ளி மட்டும் வைத்தேன்.

பேச்சு இல்லை. டிபன் பாக்ஸை டொம் என்று வைத்தேன், புரிந்துகொண்டார்.

ஆனால் அந்தக் கேள்வி நாள் முழுக்கக் காதில் குளவி மாதிரி. பேக்கிங் போடும்போது என் தண்ணிக் கதையை நானே எடுத்துப் பார்த்தேன். டேங்கர் வந்த நாள் மாவு பொங்கவில்லை, தண்ணி என்றேன். டேங்கர் வராத நாள் போர் தண்ணி, அன்றும் கஸ்தூரி மாவு பொங்கவில்லை. அப்போது என்ன சொன்னேன்? தொட்டியில் பழைய டேங்கர் தண்ணி மிச்சம் இருந்தது என்றேன். அதே தண்ணியில் என் டப் மூன்றும் பொங்கியதே? என் டப்பில் மேல்தண்ணி, அவளுக்கு அடித்தண்ணி என்று லோகுவிடம் சொல்லியிருக்கிறேன். என் வாயால்.

வித்தியாசம் ஒன்றுதான். அவர் கதையில் ஒருத்திக்கு வேலை போகும். என் கதையில் டேங்கர்காரனுக்கு ஒன்றும் போகாது. நல்ல மனசோடு சொன்னாலும் கம்பி கம்பிதான் போலிருக்கிறது.

எரிச்சல். பு.ஏ. மேல் இருந்ததைவிட அதிகம். அவரும் நானும் ஒரே டப்பில் கரைத்த மாவா?

மார்கழி 18, வெள்ளி

வெள்ளிக்கிழமை சடங்கு. பு.ஏ. குளித்து, விபூதிப் பட்டை அடித்து, முதல் டப்பை அவரே கரைப்பார். அவர் அம்மா சொன்னாராம், லட்சுமி கை என்று. என் இடத்தில் உட்கார்ந்து மோதிரத்தோடு கரைக்கிறார். மோதிரத்தில் போன வெள்ளிக்கிழமை மாவு இன்னும் இருக்கிறது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம், எழுதி வைக்கிறேன். அவரவர்க்கு ஓர் இடம். அந்த இடத்திலேயே உட்கார்ந்து உப்பு போட்டுக் கரைத்து, மூடி, அப்படியே விட்டுவிட வேண்டும். கரைத்த மாவை நகர்த்தினால் பொங்காது என்பார்கள். காலையில் திறக்கிற வரைக்கும் ஆட்டவே கூடாது. புதுசாக வந்தவளுக்குக் கடைசி இடம், ஷட்டர் பக்கம். நானும் முதலில் அங்கேதான் உட்கார்ந்தேன். லோகுவும்தான்.

இன்று ஒரு வேலை செய்தேன். கடையில் கேன் தண்ணி வாங்கி வந்தேன். என் இடத்தில் இரண்டு டப். ஒன்று கேன் தண்ணி, ஒன்று டேங்கர் தண்ணி. ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஒரே உப்பு, ஒரே கை. சுவரில் சாக்பீஸால் எழுதினேன்:

கேன் தண்ணி பொங்கும். டேங்கர் தண்ணி பொங்காது. வேறு மாதிரி ஆனால் மல்லிகா சொன்னது தப்பு.

லோகு படித்தாள். "தப்பாயிடுச்சின்னா இன்னா பண்ணுவ?"

"ஒரு நாள் பூரா வாய தொறக்க மாட்டேன்."

"மாரியாத்தா, தப்பா போவணும்" என்று கும்பிட்டாள். கஸ்தூரி கூடச் சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு, அதுவும் என் செலவில்.

மார்கழி 19, சனி

இரண்டும் பொங்கியது. டேங்கர் தண்ணி ஒரு விரல் கூடவே பொங்கியது. சனியன்.

நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. தலைவலி. பத்து மணிக்கு பு.ஏ. "ஒடம்பு சரியில்லயா மல்லிகா?" என்று விசாரித்தார். சுவரைக் காட்டினேன். படித்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு வாயில் பதில் முட்டிக்கொண்டு நின்றது. முழுங்கினேன். வயிற்றுப்போக்கு வராமல் இருந்தால் சரி.

வீட்டில் இவரிடம்: "தண்ணி இல்ல."

"சரி" என்றார். அவ்வளவுதான். சிரித்திருந்தால் கொன்றிருப்பேன். வெங்காயம் நறுக்கிக் கொடுத்தார். பேச்சு விட்டது வாபஸ்.

ஒன்று மட்டும் தெரிகிறது. தோற்றது அசிங்கம்தான். ஆனால் நேற்று வரைக்கும் எனக்குத் தண்ணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இன்று ஒன்று தெரியும்.

மார்கழி 21, திங்கள்

வாய் திறந்தாயிற்று.

"அண்ணாத்தே, நான் எழுதி வச்சி தோத்தேன். நீயும் எழுது."

"தெய்வ சமாச்சாரத்துல சோதனையா? போ போ."

"எந்த தெய்வம் வந்து உன்கிட்ட சொல்லிச்சி, கஸ்தூரி கைய உடாதன்னு? பேரு சொல்லு, நான் கேட்டுகினு வரேன்."

"நான் மோந்தாலே சொல்லிடுவேன் யார் கரைச்ச மாவுன்னு. எனுக்கு எதுக்கு எழுத்து?"

இதற்குத்தான் காத்திருந்தேன். வெளியே டெலிவரி எடுக்க நாலு ஆட்டோக்காரர்கள். சத்தமாகச் சொன்னேன்: "ஏ நைனா, கேட்டீங்களா? ஓனரு மோந்தே சொல்லிடுவாராம். புதன்கிழம காலைல வாங்க, பாக்கலாம்."

ஒருத்தன் விசில் அடித்தான். பு.ஏ. பின்வாங்க முடியாது. மீசை அப்படி.

மார்கழி 22, செவ்வாய்

பனி, காற்று வேறு. மூக்கு ஒழுகுகிறது.

ஏற்பாடு: ஆறு டப் மட்டும். ஆளுக்கு இரண்டு. டப் கைப்பிடிக்கு அடியில் பொட்டு ஒட்டுவது. நான் பெரிய சிவப்பு, லோகு பச்சை, கஸ்தூரி சின்னக் கறுப்பு. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. இடத்தை வைத்து பு.ஏ. கண்டுபிடித்துவிடுவார் என்று இடத்துக்குச் சீட்டு குலுக்கினோம். லோகு குலுக்கினாள். அவள் அவர் கட்சி, அப்போதுதான் நான் தில்லுமுல்லு பண்ணினேன் என்று சொல்ல முடியாது. கரைக்கும்போது பு.ஏ. டீக்கடையில். போகுமுன் சுவரில் அவரே எழுதினார்:

கஸ்தூரி டப் 2ம் பொங்காது. மத்தது பொங்கும். தா.

"அப்டி ஆவலன்னா?" என்றேன்.

"ஆவும்."

"ஆவலன்னா இன்னான்னு எழுது அண்ணாத்தே."

எழுதவில்லை. சாக்பீஸைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்.

கஸ்தூரி கரைத்துக்கொண்டே சொன்னாள்: "பொங்கலன்னா நானே போயிடறேன்க்கா. போகி வரிக்கும் எதுக்கு." பேசாமல் கரை என்றேன். தண்ணியில் நான் தோற்ற மாதிரி இதிலும் தோற்றால்? அவள் டப் இரண்டும் நிஜமாகவே படுத்துக்கொண்டால், என்ன எழுதி வைப்பேன்?

என் சீட்டு: 2, 6. ஆறு கடைசி இடம். பல வருஷம் கழித்து அங்கே உட்கார்ந்தேன், கால் விரல் மரத்துப் போயிற்று. பித்த வெடிப்பு வலி. எலியும் எட்டிப் பார்த்தது, பழைய சிநேகம்.

மார்கழி 23, புதன்

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்.

ஆறு மணி. ஆட்டோக்காரர்கள் நாலு பேர், நாங்கள் மூன்று பேர். மூடி திறந்தது. ஒன்று முதல் நாலு வரை பொங்கல். ஐந்தாவது பாதி மனசோடு. ஆறாவது குட்டை.

பு.ஏ. முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாண மாப்பிள்ளை. ஐந்தை மோந்தார், ஆறை மோந்தார், கண்ணை மூடினார். "இது ரெண்டும்தான். வாடயே சொல்லுது. அவ கை."

லோகு ஆறாவது டப்பைச் சாய்த்து அடியில் பார்த்தாள். பெரிய சிவப்பு. என் கை.

ஐந்தாவது. பச்சை. லோகு தன் பொட்டைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கஸ்தூரி டப் ஒன்றும் நாலும். நாலாவது மூடியைத் தள்ளிக் கீழே வழிந்திருந்தது. கறுப்புப் பொட்டு மேல் மாவு.

ஆட்டோக்காரன் ஒருத்தன்: "மாமே, மூக்கு சளி புடிச்சிகினு கீதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். தப்பாப் போச்சு என்று ஒரு வார்த்தை. என்ன சொன்னார் தெரியுமா?

"அவகூட ஒட்டிகினு திரியறீங்கல்ல. உங்க ரெண்டு பேர் கைக்கும் ஒட்டிகிச்சி."

கம்பி. எந்த ஓட்டையிலும் போகிற கம்பி. சுவரில் அவர் எழுத்து அவரைப் பார்த்துச் சிரிக்கிறது, அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் சட்டி இருந்தது. எறிந்திருப்பேன், நாலு பேர் இருந்ததால் விட்டேன்.

ஆனால் ஒன்று. லோகு முதல் தடவையாகத் தலையாட்டவில்லை. "இன்னாது? எனுக்கு ஒட்டிகிச்சா? எட்டு வருசமா கரைக்கறேன் நானு!" என்று பாய்ந்தாள். இத்தனை நாள் அடுத்தவள் கை. இன்று அவள் கை.

மார்கழி 24, வியாழன்

காலை எழுந்ததும் டைரியை முதலிலிருந்து படித்தேன். என் எழுத்து எனக்கே புரியவில்லை பாதி.

செவ்வாய்: "கால் விரல் மரத்துப் போயிற்று."
அதற்கு முந்தின செவ்வாய்: "ஷட்டர் வளைந்ததிலிருந்து கீழே ஒரு சாண் இடைவெளி."
கஸ்தூரி லீவு அன்று: "அவள் இடத்தில் லோகு உட்கார்ந்து."
பொங்கின நாள்: "மழை மூட்டம், புழுக்கம்."

அடச்சீ.

கை இல்லை. தண்ணி இல்லை. இடம். ராத்திரி முழுக்க மார்கழிக் காற்று அந்த ஒரு சாண் வழியாக வந்து கடைசி டப் மேல் படுத்துக்கொள்கிறது. குளிரில் நானே பொங்க மாட்டேன், மாவு எப்படிப் பொங்கும். கடைசி இடத்தில் உட்காருவது புதுசாக வந்தவள். நகர்த்தக் கூடாது என்பதால் அவள் டப்பும் அங்கேயே. எப்போதும் ஒருத்தியே அங்கே இருந்ததால் இடத்தின் குற்றம் அவள் கைமேல் ஏறிவிட்டது.

குதிக்கலாம் போல இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். தண்ணியிலும் இப்படித்தான் குதித்தேன். இவரைக் கேட்டேன், இவர் கேட்குமுன் நானே: "எப்டி ஆனா இதுவும் தப்பு?"

பல் துலக்கிக்கொண்டே தலையை ஆட்டினார். நுரையோடு சிரிப்பு.

மார்கழி 25, வெள்ளி

பு.ஏ. எழுத்துக்குக் கீழே எழுதினேன்:

ஷட்டர் ஓரம் வைக்கிற டப் யார் கை ஆனாலும் பொங்காது. உள்ளே வைத்தால் கஸ்தூரி கை பொங்கும். ஏதாவது ஒன்று மாறினாலும் மல்லிகா சொன்னது தப்பு. மறுபடியும் ஒரு நாள் வாயைத் திறக்க மாட்டாள்.

இன்று லட்சுமி கை நாள். குளித்து, பட்டை அடித்து வந்தார். என் இடத்தில் கஸ்தூரி. அவள் பக்கத்தில் நான், எனக்குப் பக்கத்தில் லோகு, கால் நீட்டிக்கொண்டு. காலி இடம் ஒன்றே ஒன்று.

"நவுரு."

"கரைக்க ஆரம்பிச்சிட்டோம் அண்ணாத்தே. நகர்த்தினா பொங்காதுன்னு நீதான சொல்வ?"

சுவரைப் படித்தார். என்னைப் பார்த்தார். "லட்சுமி கைடி இது. எங்க வச்சாலும் பொங்கும்" என்று கடைசி இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். சொன்னாரே! அவர் வாயால், நடக்குமுன், ஆமா இல்லை என்று பார்க்கிற மாதிரி ஒன்று. முதல் தடவை. அதற்காக மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அரைக் கும்பிடு.

மார்கழி 26, சனி

லட்சுமி படுத்துவிட்டாள். மட்டத்தில் இருந்து ஒரு நூல் கூட ஏறவில்லை. மோதிரத் தடம் அப்படியே மேலே.

கஸ்தூரி டப் இரண்டும் மூடியைத் தள்ளி நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. அவர் ரொம்ப நேரம் தன் டப்பையே பார்த்தார். மோக்கவில்லை. அப்புறம் தோள் துண்டை எடுத்துச் சுவரைத் துடைத்தார். என் எழுத்தை, அப்படியே அவர் எழுத்தையும். சாக்குப் பைகளை மடித்து ஷட்டர் அடியில் அவரே சொருகினார், முட்டி போட்டு.

போகும்போது சொன்னார்: "கஸ்தூரி, இனிமே அங்க ஒக்காராத. உள்ள வா."

"போகிக்கு நின்னுக்கணுமா?" என்று கேட்டாள். கேட்டே விட்டாள்.

"யார் நிக்க சொன்னது? வேலய பாரு."

யார் நிற்கச் சொன்னதாம்! ஒரு மாதம் ஒருத்தி கையைச் சாம்பலாக்கிவிட்டு, யார் சொன்னது என்கிறார். மன்னிப்பு வேண்டாம். நான்தான் சொன்னேன் என்றாவது சொல்லலாம். எனக்கு ஆறவில்லை. வேலை நிலைத்தது, சரி. ஆறவில்லை.

மார்கழி 30, போகி

பழைய பாய் எரித்தோம். புகை. கஸ்தூரி வேலைக்கு வந்தாள். சாக்கு வைத்த பிறகு நாலு நாளும் எல்லா டப்பும் பொங்கியது. எலிக்குத்தான் வழி இல்லை.

அவளிடம் கேட்டேன்: "ஊட்ல யாரு கரைக்கறா?"

"பெரியவதான்க்கா."

இன்னும். எல்லாம் கண்ணால் பார்த்தும் இன்னும். சுவரில் இருந்து துடைக்க ஒரு துண்டு போதும். அவளுக்குள்ளே எழுதினதை எந்தத் துண்டு துடைக்கும்? பு.ஏ.வை நினைத்துப் பல்லைக் கடித்தேன். ஏற்கெனவே ஆடுகிற பல்.

தை 5, திங்கள்

பனி குறைவு. வேலைக்குப் புது ஆள் ஒருத்தி வருகிறாளாம். கடைசி இடம் காலியாக விட்டிருக்கிறோம், துடைப்பம் வைக்க.

மத்தியானம் கஸ்தூரி ஒரு டிபன் பாக்ஸை என் முன்னால் வைத்தாள். நாலு இட்லி. "சாப்டுக்கா" என்று எதிரில் உட்கார்ந்தாள். கையை மடியில் மறைத்துக்கொண்டு. கேட்காமலே தெரிந்தது யார் கரைத்தது என்று.

ஒரு வாய் வைத்தேன். கல். எறிந்தால் பு.ஏ. மண்டை உடையும்.

அவள் என் முகத்தையே பார்க்கிறாள். நல்லா கீது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நானும் கம்பி.

"கல்லு மாதிரி கீதுடி."

முகம் சுருங்கிவிட்டது. "என் கை..."

"கைய உடு. எத்தினி உளுந்து போட்ட?"

"நாலுக்கு அரை."

"அதான். நாலுக்கு ஒண்ணு போடு. மறுபடியும் நீயே கரை. பெரியவள தொட உடாத. காத்து படாம அரிசி மூட்ட பக்கத்துல வச்சி மூடு."

"அப்பவும் கல்லா வந்துச்சின்னா?"

"நான் சொன்னது தப்பு. ஒரு நாள் வாய தொறக்க மாட்டேன்."

"ஒரு நாள் போதாதுக்கா. ரெண்டு நாள்" என்றாள்.

இரண்டு நாள். எழுதி வைக்கிறேன்.